மதினியின் முழங்கால்

வாயைத் திறந்து எதையும் வேண்டும் என்று கேட்காத மனுஷியை என் ஆயுளில் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். அவள் என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எனக்கு மதினி. என்னைவிட ஒரு வயது மூப்பு, அவ்வளவுதான். நயா பைசா புதிதாக வந்து, ஜனங்கள் அதை அணாவோடு போட்டுக் குழப்பிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வடமதுரைக்குப் பக்கத்தில், திருச்சி ரோட்டிலிருந்து பிரிகிற மண்பாதையில் எங்கள் ஊர். வெங்காயமும் கத்தரியும் போடுகிற குடும்பம்.

வந்த புதிதில் ஒரு மத்தியானம் பொம்பளைகள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா பரிமாறினாள். ஏதோ பேச்சு மும்முரத்தில் மதினி தட்டில் சோற்றைப் போட்டவள், குழம்பும் ஊற்றவில்லை, வெஞ்சனமும் வைக்கவில்லை. மதினி அந்தச் சோற்றை உப்பைத் தொட்டுத் தொட்டுத் தின்று முடித்துவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். குழம்புச் சட்டி அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அம்மா பிறகு கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொண்டாள். மதினி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அவளுக்கு நேர் எதிர். எனக்கு வேண்டியதை நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டு வாங்கிவிடுவேன். கிடைக்காவிட்டால் கிடைக்கிறவரைக்கும் யாரையும் தூங்க விடமாட்டேன். இவளோ, சீப்புக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு விரலாலேயே தலையைக் கோதி முடிந்துகொள்வாள். ஒரு தடவை திண்டுக்கல்லில் இருந்து தனியாகப் பஸ்ஸில் வந்தவள், எங்கள் ஊர் விலக்கில் நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரிடம் கேட்க வாய் வராமல், அய்யலூர் வரைக்கும் போய் இறங்கி, உச்சி வெயிலில் நடந்து திரும்பி வந்தாள். ஏன் மதினி இப்படி என்று கேட்டால், அவர் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார் என்றாள். நான் அவளுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தேன். அதையும் அவள் கேட்கவில்லை.

இன்னொரு வழக்கமும் அவளிடம் இருந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாள். அப்படியே நிற்பாள். பிறகு பாதத்தைப் பெயர்த்துப் பெயர்த்து வைத்து, முழு உடம்பையும் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து நம் எதிரே நிறுத்துவாள். தேர் திரும்புகிற மாதிரி இருக்கும். தெருவில் உள்ள பொம்பளைகளுக்கு இது நல்ல தீனியாகப் போயிற்று. ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், தண்ணிக்குப் பஞ்சமில்லாத ஊர்க்காரி, அந்தத் திமிர் என்றார்கள். கிணற்றடியில் அவள் வருவதைப் பார்த்தால், ராணி திரும்பப் போறா, ஒதுங்கி நில்லுங்க என்று கேலி பேசுவார்கள். மதினி அதைக் கேட்டும் கேட்காதவள்போலக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். தண்ணீர்க் குடத்தோடு அவள் நடக்கும்போது ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்துத்தான் வைப்பாள். அதையும் ஒய்யாரம் என்றார்கள்.

காரணம் எனக்குத் தெரிந்தது ஒரு மாட்டினால். வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. நானும் மதினியும் வாய்க்காலில் நின்று மடை மாற்றிக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தோட்டத்துப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கள் பாத்திக்குள் இறங்கிவிட்டது. அதைப் பார்த்த வேகத்தில் மதினி தன்னை மறந்து சட்டென்று திரும்பினாள். திரும்பியவள் அப்படியே விழுந்தாள். ஒரு சத்தம் இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் சேலையை முழங்காலுக்கு மேலே தள்ளியிருந்தாள். முட்டிச் சில்லு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளமாக இருந்தது. சில்லு காலின் வெளிப்பக்கமாகப் போய் ஓரத்தில் துருத்திக்கொண்டு நின்றது. மதினி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையால் காலை மெதுவாக நீட்டி, இன்னொரு கையால் அந்தச் சில்லை உள்ளே தள்ளினாள். அது ‘மடக்’கென்று தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. நெற்றி முழுக்க வேர்வை. வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். நான் இருக்கிறேனே, அந்த மாட்டை விரட்டச் சொல்லக் கூடாதா? தானே எழுந்து நொண்டிக்கொண்டு போய் மாட்டை ஓட்டிவிட்டு வந்தாள்.

வரப்பில் உட்காரவைத்து விசாரித்தேன். சின்ன வயதில் பாண்டி ஆடும்போது முதல் தடவை நழுவியதாம். அதற்குப் பிறகு நினைத்தபோது நழுவும். வெடுக்கென்று திரும்பினால் போய்விடும், பள்ளத்தில் கால் வைத்தால் போய்விடும். கல்யாணம் பேசும்போது அவளுடைய அப்பா, இதை அந்த வீட்டில் மூச்சுக் காட்டாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். காட்டவில்லை. அண்ணனுக்குக்கூடத் தெரியாது. தேர் திரும்புகிற மாதிரித் திரும்பியது திமிரால் அல்ல, சில்லு இடம் மாறிவிடுமே என்ற பயத்தால்தான்.

என் வாயில் எது நிற்கும்? வீட்டுக்கு வந்த கையோடு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா ஆள் அனுப்பி மதினியின் அப்பாவை வரவழைத்தாள். மனுஷன் தோள்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். பெண்ணைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. மதினி உள்ளே அடுப்படியில் சுவரோடு சுவராக நின்றாள்.

“மூடி வச்சுக் கட்டிக் குடுத்தது கெடக்கட்டும்” என்றாள் அம்மா. “பெத்த புள்ள இம்புட்டு வேதனைய வச்சுக்கிட்டு நடமாடியிருக்கு. ஒரு நாளாச்சும் ஒரு டாக்டர்ட்ட காட்டுனீகளா?”

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆம்பளை அழுவதை அம்மாவால் பார்க்க முடியாது. அவருக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டத்துக்குப் போய்விட்டாள். எங்கள் அம்மாவைப் பற்றி ஊரில் பலர் பலவிதமாகப் பேசுவார்கள். அன்றைக்கு எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். இது என் கையில் இல்லை, மதுரைக்குப் போங்கள் என்றார். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் எலும்புக்கென்றே ஒரு டாக்டர் இருந்தார். சின்ன வயது, கண்ணாடி போட்டவர். மதினியைப் படுக்கவைத்துச் சில்லை விரலால் லேசாக வெளிப்பக்கம் தள்ளிப் பார்த்தார். மதினி சட்டென்று அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

செய்யப் போவதை எங்களுக்கு விளங்கச் சொன்னார். சில்லை உள்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டிய நார் இவளுக்குத் தளர்ந்து போயிருக்கிறது. தொடைக்குப் பின்னால் வேறொரு நார் இருக்கிறது, அது இல்லாவிட்டாலும் நடக்கலாம். அதை ஒரு முனையில் அறுத்து, முன்பக்கம் கொண்டுவந்து, சில்லில் துளை போட்டு, அதன் வழியாகக் கோத்து இழுத்துத் தைத்துவிட்டால், பிறகு சில்லு எங்கேயும் போகாது. அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். அம்மாவோ ‘துளை’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். எலும்பில் ஓட்டையா என்று இரண்டு தடவை கேட்டாள். ஆமாம், சின்ன ஓட்டைதான் என்றார் டாக்டர்.

பிறகு அம்மா கேட்டதுதான் கேள்வி. உட்கார்ந்து எழுந்திருக்க முடியுமா?

இப்போது இதைப் படிக்கிறவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. எங்களுக்கு அடுப்பு தரையில், அம்மி தரையில், சாப்பாடு தரையில். வெளிக்குப் போவது காட்டுக்கு. வெங்காயம் ஊன்றுவதும் களை எடுப்பதும் பாத்திக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நகர்ந்துகொண்டே செய்கிற வேலை. நழுவுகிற காலோடு பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளிவிடலாம். மடங்காத காலை வைத்துக்கொண்டு, தோட்டம் துரவு பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டுப் பொம்பளை என்ன செய்வாள்?

“நழுவாது, அதுக்கு நான் பொறுப்பு” என்றார் டாக்டர். “மடங்குறதுக்கு அவங்கதான் பொறுப்பு.”

மதினி ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன், உனக்குச் சம்மதமா என்றபோது தலையை அசைத்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “மடங்காமப் போச்சுன்னா நான் எதுக்குத்தா ஆவேன்?” அவள் பயப்படுகிறாள் என்று அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு. நான்தான் கூட இருந்தேன். ஆஸ்பத்திரியிலும் அவள் அவளாகவே இருந்தாள். தாகம் எடுத்தால் தண்ணீர்ச் சொம்பைப் பார்ப்பாள், நான் பார்க்காவிட்டால் கண்ணை மூடிக்கொள்வாள். ஒருநாள் காலையில் போர்வையை விலக்கிப் பார்க்கிறேன், கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்கள் எல்லாம் வீங்கி, கன்றிப்போய்க் கிடக்கின்றன. நர்ஸம்மாவைக் கூட்டிவந்தேன். அவர் பதறிப்போய்க் கட்டை ஓரத்தில் வெட்டித் தளர்த்தினார். எப்போதிலிருந்து இறுக்குகிறது என்று கேட்டார். ராத்திரியிலிருந்து என்றாள். ராத்திரி முழுக்க இரண்டு தடவை நர்ஸம்மா கட்டிலைக் கடந்து போயிருக்கிறார். நான் கட்டிலுக்குக் கீழேயே படுத்திருந்தேன். உனக்கு வாய் எதுக்கும்மா இருக்கு என்று அந்த அம்மா கேட்டபோது, நானும் அவரோடு சேர்ந்துகொண்டு திட்டித் தீர்த்தேன். திட்டிவிட்டு, முகம் கழுவப் போன இடத்தில் கொஞ்சம் அழுதேன்.

கட்டைப் பிரிக்கிற நேரத்தில் நான் அங்கே இல்லை. சித்தையன்கோட்டையில் இருந்த என் அக்காளுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்திருந்தது. அம்மா மதினிக்காக வீட்டில் எல்லாம் தயார் செய்துகொண்டிருந்ததால் நான் அக்காளுக்குத் துணைக்குப் போனேன். அண்ணன்தான் மதினியை மதுரையிலிருந்து கூட்டி வந்தான். கிளம்புகிற நேரத்தில் அவன் வண்டி பார்க்கப் போயிருந்தபோது, நர்ஸம்மா மதினியிடம் சொல்லியிருக்கிறார்: இன்றையிலிருந்தே தினமும் காலை மடக்கி மடக்கிப் பழக வேண்டும், வலித்தாலும் விடக்கூடாது. மதினி சரி என்றிருக்கிறாள். அதோடு சரி.

நான் ஒரு மாசம் கழித்து ஊருக்கு வந்து பார்க்கிறேன், மதினி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். தொடையிலிருந்து கீழே வரை துணிக்கட்டு, இரண்டு பக்கமும் மூங்கில் தப்பை. அம்மாவின் வேலை. எங்கள் ஊரில் ஆட்டுக்கால் ஒடிந்தாலும் ஆள்கால் ஒடிந்தாலும் முட்டையை உடைத்து, உளுந்த மாவைக் குழைத்து, துணியில் தடவித் தப்பை வைத்துக் கட்டிவிடுவோம். அசையாமல் கிடந்தால் எலும்பு கூடிவிடும். அம்மாவுக்கு அதில் நல்ல கைராசி. ஓட்டை போட்ட எலும்பு, அது தூர்ந்து போவதற்கு முன்னாலேயே கட்டைப் பிரித்து அனுப்பிவிட்டார்களே என்று அவளுக்கு ஆத்திரம். அவுக மாவுல கட்டுனாக, நான் முட்டையில கட்டுறேன் என்று பெருமையாகச் சொன்னாள். தினமும் மதினிக்கு ஆட்டுக்கால் சாறு. சாப்பாடு, தண்ணீர், வெளிக்குப் போகச் சருவச்சட்டி எல்லாம் கட்டிலுக்கே வந்தன. காலை ஒரு இம்மி அசைத்தால் அம்மா ஓடிவந்து தலையணையைச் சரி செய்வாள். தன் வயிற்றில் பிறந்த எங்களுக்குக்கூட அப்படி அவள் செய்ததில்லை. நர்ஸம்மா சொல்லி அனுப்பியது எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. தெரிந்தவள் ஆட்டுக்கால் சாறு குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

டாக்டர் வரச் சொன்ன நாளில் எல்லோரும் மதுரைக்குப் போனோம். அம்மாவும் வந்தாள். டாக்டர் தப்பைகளைப் பார்த்ததும் யார் கட்டியது என்று கேட்டார். நாந்தேன் சாமி, ஓட்டை தூந்துருச்சான்னு பாருங்க என்றாள் அம்மா. டாக்டர் கட்டைப் பிரித்தார். சில்லைக் கட்டைவிரலால் வெளிப்பக்கம் தள்ளினார். அது அசையவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. பிறகு குதிகாலைப் பிடித்துக் காலை மடக்கப் பார்த்தார். அதுவும் அசையவில்லை. கால் பலகையாகிவிட்டது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அம்மாவுக்கு அது தேவலையாக இருந்திருக்கும். அம்மாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். அந்தத் துளை நாரைப் பிடித்துக்கொள்வதற்காகப் போட்டது, அது தானாகவே பிடித்துக்கொள்ளும், கட்டு வேண்டியதில்லை, இத்தனை நாள் அசையாமல் வைத்ததில் மூட்டு இறுகிவிட்டது என்றார். அம்மா மதினியின் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மதினியிடம், உங்ககிட்ட சொல்லித்தானே அனுப்பினாங்க என்று கேட்டார் டாக்டர். மதினி தலையைக் குனிந்துகொண்டாள்.

தீபாவளி கழித்து வரச் சொன்னார். அதற்குள் பாதிக்காவது மடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் மயக்கம் கொடுத்துப் பலவந்தமாக மடக்கிப் பார்க்க வேண்டியிருக்கும், அதில் தைத்த நார் அறுந்தாலும் அறுந்துவிடும் என்றார். அறுந்தால் நழுவுகிற காலும் மிச்சம், பட்ட பாடும் மிச்சம். வீட்டில் ஒருவர் தினமும் பக்கத்தில் இருந்து அழுத்தி மடக்கிவிட வேண்டும். எவ்வளவு தாங்குகிறது என்று இவள் வாய்விட்டுச் சொன்னால்தான் அழுத்துகிறவருக்குத் தெரியும். இதைச் சொல்லும்போது டாக்டர் மதினியைத்தான் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து நான் மதினியைப் பிடித்துக்கொண்டேன். ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அவள் என்ன உன்னைக் கடித்தா தின்றுவிடுவாள்?

“அயித்தை குனிஞ்சு என் காலப் புடிச்சுக் கட்டுனாக” என்றாள் மதினி. “எங்க ஆத்தா செத்ததுக்குப் பெறகு என் காலை யாரு தொட்டா? வேண்டாம்னு எப்படித்தா சொல்வேன்?”



அம்மா அன்றையிலிருந்து அவளைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். காலையில் ஒத்தடத்துக்கு வெந்நீர் போட்டு முற்றத்தில் கொண்டுவந்து வைப்பாள், உள்ளே போய்விடுவாள். நான் காலை மடக்கத் தொடங்கினால் மாட்டுக்கொட்டத்துக்குப் போவாள். மதினி ‘அயித்தே’ என்று ஏதாவது பேச வந்தால், இந்தா வாரேன் என்று உள்ளேயிருந்து குரல் வரும், ஆள் வராது, என்னை அனுப்புவாள். ஒரு பொம்பளையின் காலை நான் கெடுத்துவிட்டேன் என்று அக்காளிடம் சொல்லி அழுதிருக்கிறாள். எங்களிடம் அழவில்லை.

அண்ணனுக்கு அழுத்தத் தைரியம் இல்லை. முதல் நாளே கையை எடுத்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினான். ஆகவே நான்தான். மாட்டு வண்டியின் பின்பக்கம் மதினியை உட்கார வைத்து, காலைத் தொங்கவிடச் சொல்லி, கீழே நின்று முழங்காலுக்குக் கீழே பிடித்து அழுத்துவேன். வலிக்கும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு என்றுதான் தெரியாது. போதுமா என்றால் பேசமாட்டாள். இன்னும் என்றால் பேசமாட்டாள். கல்லோடு மல்லுக்கட்டுகிற மாதிரி இருந்தது. பயந்துகொண்டு லேசாக அழுத்தினால் கால் வரவில்லை. ஒருநாள் கொஞ்சம் பலமாக அழுத்தினேன். நிமிர்ந்து பார்த்தால் மதினி முகம் வெளிறி, கண் மேலே செருகி, வண்டியிலிருந்து சரிகிறாள். தாங்கிப் பிடித்துத் தரையில் கிடத்தினேன். நார் அறுந்துவிட்டதோ என்று சில்லைத் தொட்டுப் பார்த்தேன், இடத்தில்தான் இருந்தது. அவள் கண்ணைத் திறந்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

“இனிமே ஒங் காலைத் தொட மாட்டேன் மதினி. வேணும்னா நீயாக் கூப்பிடு. கூப்பிடலைன்னா இப்படியே கெட.”

மறுநாள் காலையில் அவள் தானாக வண்டிமேல் ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டாள். நான் முற்றத்தைக் கூட்டினேன். வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் விளக்குமாற்றைப் பார்த்தேன். அவள் கூப்பிடவில்லை. அடுத்த நாளும் அப்படியே போயிற்று. அம்மா கொட்டத்துக்குள்ளிருந்து, போடி, போய்ப் பிடி என்று சைகை காட்டினாள். நான் அசையவில்லை. உள்ளுக்குள் எனக்கும் பதறிக்கொண்டுதான் இருந்தது. தெருவில் பிள்ளைகள் ஓலைப்பட்டாசு பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நாள் போனால் ஒரு நாள் போனதுதான். ஆனாலும் நான் என் பிடிவாதத்தை விடுவதாக இல்லை.

அதற்கடுத்த நாள் நான் சாணி தெளித்துக்கொண்டிருந்தேன். ஏத்தா என்று ஒரு குரல். திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். என்னது, காதில் விழவில்லை என்றேன். விழுந்ததுதான்.

“வந்து என் காலை மடக்கி விடுன்னேன்” என்றாள் மதினி. குரல் உடைந்திருந்தது, ஆனால் தெரு கேட்கிற மாதிரி இருந்தது. “எனக்குப் பயமா இருக்குத்தா. வலி உசுரு போகுது. ஆனா மடங்கணும்.”

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். இரண்டு பேரும் அழுதுகொண்டே வேலையை ஆரம்பித்தோம். அன்றைக்கு அவள் பேசினாள். இன்னும் என்றாள், நிறுத்து என்றாள், செத்த நேரம் பொறு என்றாள், சண்டாளி மெதுவாக என்று திட்டினாள். அவள் திட்டத் திட்ட என் கைக்கு அளவு தெரிந்தது. தீபாவளிக்குள் குதிகால் வண்டிக்கு அடியில் போகிற அளவுக்கு வந்துவிட்டது. மதுரை டாக்டர் மடக்கிப் பார்த்துவிட்டு, யார் பிடித்துவிட்டது என்று கேட்டார். மதினி என்னைக் காட்டினாள். நான் அவளைக் காட்டினேன்.

ஒரு தடவை கேட்கப் பழகியதும் அவளை நிறுத்த முடியவில்லை. அண்ணனிடம் திண்டுக்கல்லிலிருந்து பூ வாங்கிவரச் சொன்னாள். எதிர்வீட்டு முருங்கையில் ஒரு கொப்பு கேட்டாள். என் பச்சைப் பாவாடைத் துணியைக் கேட்டாள், அதை மட்டும் நான் கொடுக்கவில்லை. பின்னாளில் பிள்ளைகுட்டி பெற்று, ஊர்க் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கேட்டுப் பஞ்சாயத்தில் போய் நின்றவளும் இவள்தான். அவள் சாகிறவரைக்கும் சில்லு ஒரு தடவைகூட நழுவவில்லை. ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் கடைசிவரைக்கும் அப்படித்தான், நின்று நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றித்தான் திரும்புவாள். உடம்பு மறக்கவில்லை. தெருவும் திமிர் என்று சொல்வதை விடவில்லை.

ஆனால் கேட்கப் பழகிய அந்த நாட்களில் அவள் ஒருவரிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடம். அம்மாதான் கிட்டவே வரவில்லையே, எங்கே கேட்பது?

தை பிறந்ததும் வெங்காயம் ஊன்றினோம். மதினி நானும் வருகிறேன் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அம்மா தூரத்தில் வரப்பின்மேல் உட்கார்ந்து விதைவெங்காயத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கூலிக்கு வந்த பொம்பளைகள் பேச்சை நிறுத்திவிட்டு, பார்க்காத மாதிரி குனிந்துகொண்டார்கள். மதினி சேலையைச் செருகினாள். நல்ல காலில் பாரத்தைக் கொடுத்து, மெல்ல மெல்லக் கீழே இறங்கினாள். ஆபரேஷன் செய்த கால் மடங்கியது. இன்னும் மடங்கியது. குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மூச்சு அப்போதுதான் வந்தது. அவள் யாரையும் பார்க்காமல் வெங்காயத்தை ஊன்றிக்கொண்டே நகர்ந்து, ஒரு பாத்தியை முடித்தாள்.

எழுந்திருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க வீட்டில் அவள் யார் கையையும் பிடிக்காமல் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள். அன்று காலையில்கூட அடுப்படியில் என் கண் முன்னால் விறகுக்கட்டோடு எழுந்தவள். ஆனாலும் மனசு கேட்காமல் நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். மதினி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். வரப்புப் பக்கம் முகத்தைத் திருப்பி, கையை நீட்டினாள்.

“அயித்தே, செத்த வந்து கையக் குடுங்க. என்னால எந்திரிக்க முடியல.”

அம்மா மடியிலிருந்த வெங்காயம் சிதறியது. நட்ட பாத்தியில் யாராவது கால் வைத்தால் ஊரைக் கூட்டுகிறவள், அன்றைக்கு ஊன்றின பாத்திகளை எல்லாம் மிதித்துக்கொண்டு ஓடிவந்தாள். மண்கையைச் சேலையில் துடைத்துவிட்டு மதினியின் கையைப் பிடித்தாள். பிறகு அதுவும் போதாமல் இடுப்பில் கை கொடுத்து, பார்த்து தாயி, பார்த்து, நானிருக்கேன் என்று சொல்லிச் சொல்லித் தூக்கினாள். எழத் தெரியாதவள்போல மதினி தன் முழுப் பாரத்தையும் அவள்மேல் போட்டு எழுந்தாள்.